ஓடிப்போன பாளையங்கோட்டை ரெஜிமென்ட்

எங்க ஊர்ப் பக்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டீக்கடை வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் "வீர பரம்பரை"தான். கல்யாண போஸ்டர், காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாத்திலும் ஒரு சிங்கமோ புலியோ வாளோ நிச்சயம் இருக்கும். செத்துப்போன தாத்தா ரேஷன் கடையில எடைபோட்டவராவே இருந்தாலும், போஸ்டரில் அவர் தலைக்குப் பின்னாடி ரெண்டு வாள் குறுக்கே நிற்கும். கோபப்பட்டுப் பிரயோசனமில்ல, பழகிப்போச்சு.

ஆனா நம்ம மாவட்டத்துப் பேரைத் தாங்கி ஒரு நிஜப் படை இருந்தது. 160 வருஷத்துக்கு மேல இருந்தது. அதைப் பற்றி ஒரு போஸ்டர் கிடையாது, ஒரு தெருப்பெயர் கிடையாது. காரணம் ரெண்டு. ஒண்ணு, அது வெள்ளைக்காரன் படை. ரெண்டாவது, அது கடைசியில ஓடிப்போச்சு. உலகமே பார்க்க, ஆப்பிரிக்காவில ஒரு ஊர்ல, புறமுதுகு காட்டி ஓடிப்போச்சு. அந்தப் படைக்காகத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் வக்காலத்து வாங்கப் போறேன். ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க பதிவை முழுசா படிச்சுட்டு அனுப்புங்க. (சிவகிரிக்கு ஆட்டோ வர்றதுக்குள்ள நான் சங்கரன்கோவில் போயிருப்பேன் :-))

பேரு 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. வெள்ளைக்காரன் வாயில 'பாலம்கோட்டா'.

லைட் இன்ஃபன்ட்ரின்னா என்னன்னு ஒரு வரி சொல்லிடறேன். அந்தக் காலத்துச் சண்டையில காலாட்படை தோளோடு தோள் உரச வரிசையா நிற்கும். அந்த வரிசைக்கு முன்னால சிதறிப் போய், மரத்து மறைவுல, வரப்பு மறைவுல நின்னு எதிரியைக் குறிபார்த்துச் சுட்டு நிலைகுலைய வைக்கிறது லைட் இன்ஃபன்ட்ரி வேலை. வேகமா நடக்கணும், தானா யோசிக்கணும். இத்தாலியில 'பெர்சாலியேரி'ன்னு ஒரு படை, 1836-ல லா மார்மோரா என்கிற அதிகாரி ஆரம்பிச்சது. தொப்பியில காட்டுக்கோழி இறகு சொருகிக்கிட்டு இன்னிக்கும் அணிவகுப்புல நடக்க மாட்டாங்க, ஓடத்தான் செய்வாங்க. அவங்க ஓடினா கைதட்டல். நம்ம ஆளு ஓடினதுக்குத்தான் வசை. ஓட்டத்துலயும் திசை முக்கியம் போல.

நம்ம படையின் தொடக்கம் 1759. பிரெஞ்சுக்காரனோட கர்நாடகப் போர் நடந்துக்கிட்டிருந்த சமயம். கம்பெனி தன்னிடம் கூலிக்கு இருந்த சிப்பாய்களைப் பட்டாலியன் பட்டாலியனா கட்டியது. 'கடற்கரைச் சிப்பாய்கள்' என்று பேர். நம்ம மருதநாயகம் என்கிற கான் சாகிப் யூசுப் கான் தளபதியா இருந்ததும் இதே கம்பெனிச் சிப்பாய்களுக்குத்தான். 1764-ல அதே கம்பெனி அவரை மதுரையில தூக்குல போட்டது வேற கதை. நம்ம பட்டாலியன் பல தடவை நம்பர் மாறி, 'மதராஸ் 3-வது ரெஜிமென்ட், முதல் பட்டாலியன்' ஆச்சு. 19-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாளையங்கோட்டைப் பேரும் லைட் இன்ஃபன்ட்ரி பட்டமும் சேர்ந்தது. 1903-ல கிச்சனர் இந்திய ராணுவம் மொத்தத்தையும் ஒரே வரிசையில எண் போட்டப்போ, மதராஸ் படைகளுக்கெல்லாம் அறுபதைக் கூட்டிட்டாங்க. மூணு அறுபத்துமூணு ஆச்சு. அவ்வளவுதான் கணக்கு.

பேரு பாளையங்கோட்டை என்பதால எல்லாரும் பாளையங்கோட்டைக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. மதராஸ் ராணுவத்தில் தமிழர், தெலுங்கர், மதராஸ் முஸ்லிம்கள், பறையர், கிறிஸ்தவர் என எல்லாரும் உண்டு. ஊர்ப்பேரு ஒரு கௌரவப் பட்டம் மாதிரி ஒட்டிக்கிட்டது.

இப்போ கொஞ்சம் கசக்கிற பகுதி.

1801 பிப்ரவரி 2, ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினாங்க இல்லையா, அப்போ கம்பெனிப் படை எங்கே முகாம் போட்டிருந்தது தெரியுமா? சங்கரன்கோவிலில். எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தப்பினவங்க பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினாங்க. மார்ச் 31 அன்னிக்கு அந்தக் கோட்டை மேல ஏறப் பார்த்த கம்பெனிப் படை அடிவாங்கித் திரும்பியது. மே 24 அன்னிக்குத்தான் கோட்டை விழுந்தது. இந்தச் சண்டைகளில் நம்ம பட்டாலியனும் இருந்தது. இதை நேரில் பார்த்து எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ் இந்த பட்டாலியன் அதிகாரிதான். ஆமா, சின்ன மருதுவிடம் வளரி எறியக் கத்துக்கிட்ட அதே வெல்ஷ். கத்துக்கொடுத்தவரையே பிறகு எதிர்த்து நிற்க வேண்டி வந்ததைத் தன் புத்தகத்தில் வருத்தத்தோடு எழுதியிருக்கார். 1809-ல வேலுத்தம்பி தளவாய்க்கு எதிரா ஆரல்வாய்மொழி அரணை ஏறிப் பிடிச்சதும் இவர் தலைமையில்தான்.

அப்போ கோட்டை மேல நின்னவனும் தமிழன், கீழேயிருந்து ஏணி வச்சவனும் தமிழன். 1959-ல் வந்த பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு பொத்துபொத்துனு விழுவாங்களே துணை நடிகர்கள், அவங்க பக்கம் காமிரா ஒரு தடவைகூட நின்னதில்ல.

"துரோகிகள்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம். எனக்கு அது அவ்வளவு சுலபமா வரல. சிவகிரியையே எடுத்துக்குங்க. 1783-ல கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியை அடிச்சுட்டு அடுத்து படையோட வந்தது சிவகிரிக்குத்தான், எங்க மலையடிவாரத்துக் காட்டுக்குள்ள. 1799-ல அதே சிவகிரி பாளையக்காரர் கம்பெனிக்கு வேண்டியவர். அவருக்கும் மகனுக்கும் தகராறு, மகன் பக்கம் கட்டபொம்மன். பதினாறே வருஷம். பாளையக்காரரே இப்படின்னா, மாசச் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கினவன்கிட்ட மட்டும் நாட்டுப்பற்றுக்கு ரசீது கேட்கிறது என்ன நியாயம்? இன்னொண்ணும் சொல்லணும். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியில கிளம்பினவங்களும் இதே கம்பெனிச் சிப்பாய்கள்தான். அதுல சேர்ந்த 23-வது ரெஜிமென்ட் பட்டாலியனில் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் நிறைய. பாளையக்காரர்களிடம் வேலை பார்த்தவங்களும் இருந்தாங்க. அவங்களும் சிவப்புக் கோட்டுதான் போட்டிருந்தாங்க.

சரி, வேகமா போவோம். 1817 டிசம்பர் 21, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் மகித்பூர். ஹோல்கர் படையின் பீரங்கிகள் வரிசையா நிற்க, எதிர்ல சிப்ரா ஆற்றைக் கடந்து ஏறிப் போன லைட் பிரிகேடில் பாளையங்கோட்டையும் திருச்சிராப்பள்ளி லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தன. பீரங்கியைப் பார்த்து யாரும் ஓடல. அடுத்த மாசமே ஹோல்கர் மண்டசோரில் கையெழுத்துப் போட்டார். 'மகித்பூர்' என்ற பேரு இந்தப் படையின் போர்க்கௌரவப் பட்டியலில் ஏறியது. சோளிங்கரும் (1781, ஐதர் அலிக்கு எதிரா) அந்தப் பட்டியலில் உண்டு.

அப்புறம் நூறு வருஷத்துல என்ன ஆச்சு? அங்கதான் விஷயமே இருக்கு.

1880-கள்ல மதராஸ் ராணுவத்துக்குத் தளபதியா வந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். 1885-லிருந்து 1893 வரை இந்தியா முழுக்கவும் அவரே தளபதி. தெற்கத்திய ஆளு அமைதியில ஊறி மெத்தனமாயிட்டான், போர்க்குணம் செத்துப்போச்சு என்பது அவர் முடிவு. தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கார். 'போர்க்குடி' கொள்கை என்று பின்னாடி பேரு வாங்கினது இதுதான்: சீக்கியன், கூர்க்கா, பட்டாணியன், ராஜபுத்திரன் இவங்கதான் பிறவி வீரர்கள், மத்தவங்க எடுபிடி. இதன் பலன் என்ன தெரியுமா? மதராஸ் ரெஜிமென்ட்டுகள் ஒவ்வொண்ணா ஆளை மாத்தி பஞ்சாபி ரெஜிமென்ட்டுகளாச்சு. 62, 66, 67, 69, 72, 74, 76... இந்த எண்ணில் இருந்த 'பஞ்சாபி' படைகள் எல்லாம் பழைய மதராஸ் படைகள்தான். இன்றைய இந்திய ராணுவத்தின் பஞ்சாப் ரெஜிமென்ட்டில் சில பழைய பட்டாலியன்கள் தமிழ்நாட்டுச் சிப்பாய்களோட ஆரம்பிச்சவை. பஞ்சாபி நண்பர் யாராவது இருந்தா சொல்லிப் பாருங்க, முகத்தைப் பார்க்கணும் :-)

மாறாம தப்பிச்ச சிலதுல நம்ம 63-ம் ஒண்ணு. தப்பிச்சதுன்னா எப்படி? இரண்டாந்தரம்னு முத்திரை குத்தின படைக்கு நல்ல அதிகாரி வரமாட்டான், எல்லைச் சண்டைக்கு அனுப்ப மாட்டாங்க, பயிற்சி ஏனோதானோ. பரீட்சைக்கே உட்கார விடாம வச்சிருந்துட்டு ஃபெயில்னு சொல்ற கதை.

1914 அக்டோபர் 16. பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்புது. 'இந்தியப் படை பி'. தலைமை ஜெனரல் ஏட்கின். போற இடம் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா, இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகம். மொத்தம் ஏறக்குறைய 8,000 பேர், அதுல நம்ம பாளையங்கோட்டையும். கடலையே பார்க்காதவங்க நிறைய; ரெண்டு வாரத்துக்கும் மேல நெரிசலான கப்பல்ல வாந்தி. சில படைகளுக்குப் புதுத் துப்பாக்கி கைக்கு வந்ததே கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். ஆப்பிரிக்காவில ஏற்கெனவே இருந்த பிரிட்டிஷ் ஆப்பிரிக்கப் படை உதவிக்கு வரேன்னது, ஏட்கின் வேண்டாம்னுட்டார். கறுப்பினச் சிப்பாய்களை வச்சு ஜெர்மன்காரன் என்ன கிழிச்சுடுவான் என்பது அவர் நினைப்பு. வேவு பார்க்கல. அதைவிடக் கொடுமை, நவம்பர் 2 அன்னிக்கு ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் முன்னாடியே போய் "சண்டைக்கு வரோம்"னு முறைப்படி அறிவிப்பு கொடுத்துட்டு வந்தது! ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் சும்மாவா இருப்பார்? வடக்கேயிருந்து ரயில்ல ஆளை ஏத்திக் கொண்டுவந்து இறக்கிட்டார். அப்பவும் அவரிடம் இருந்தது சுமார் 1,000 பேர்தான்.

நவம்பர் 3, முதல்ல இறங்கின 13-வது ராஜபுத்திரர் படையும் 61-வது பயனியர்களும் ஊரை நோக்கிப் போய் அடிவாங்கித் திரும்பினாங்க. நவம்பர் 4 மத்தியானம் மொத்தப் படையும் வரிசையா முன்னேறியது. ரப்பர் தோட்டம், ஆளுயரப் புதர், பக்கத்துல வர்றவன் தெரியாது, வெயில், தண்ணி இல்ல. திடீர்னு மறைவிலிருந்து மெஷின் கன். பாளையங்கோட்டை உடைஞ்சது. திரும்பி கடற்கரை பார்த்து ஓடினாங்க. பிரிட்டிஷ் வரலாறுகள்ல திரும்பத் திரும்ப வர்ற காட்சி இதுதான்.

அதுக்கு மேல தேனீ. தோட்டத்து மரங்கள்ல கூடு கட்டியிருந்த தேனீக்கள் குண்டுச் சத்தத்துல கலைஞ்சு ரெண்டு பக்கத்தையும் கொட்டித் தீர்த்தது. ஜெர்மன்காரன் தேனீயைப் பழக்கி வச்சிருந்தான்னு லண்டன் வரைக்கும் வதந்தி. 'தேனீப் போர்'னே பேரு நிலைச்சுடுச்சு. மறுநாள் கப்பலேறித் திரும்பினாங்க. பிரிட்டிஷ் பக்கம் சுமார் 360 சாவு, 480-க்கு மேல காயம். ஜெர்மன் பக்கம் சாவு சுமார் எழுபதுதான். விட்டுட்டு வந்த மெஷின் கன் பதினாறு, தோட்டா ஆறு லட்சம். அதை வச்சே லெட்டோ-ஃபோர்பெக் ரொம்ப நாள் குடித்தனம் பண்ணினார். ஏட்கினை லண்டனுக்குக் கூப்பிட்டுப் பதவி இறக்கினாங்க.

இப்போ என் கேள்வி. முந்தின நாள் பின்வாங்கினவங்க யாரு? ராஜபுத்திரர் படை. ராபர்ட்ஸ் பட்டியல்ல முதல் வரிசைப் போர்க்குடி! அவங்க பின்வாங்கினப்போ "தலைமை சரியில்ல, அதிகாரிகள் செத்துட்டாங்க, ரெண்டே படையை அனுப்பினது தப்பு"ன்னு காரணம் சொன்னாங்க. எல்லாம் சரியான காரணம்தான். மறுநாள் மதராஸ்காரன் ஓடினப்போ மட்டும் காரணம் ரத்தத்துல போய் முடிஞ்சுது. "பார்த்தீங்களா, அப்பவே சொன்னோமே." இந்த ரெட்டை நாக்கைத்தான் என்னால சீரணிக்க முடியல.

ரத்தம்தான் காரணம்னா இன்னொண்ணையும் விளக்கணும். அதே மதராஸ் மாகாணத்து ஆட்கள்தான் மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுறது, கோட்டைச் சுவரைத் தகர்க்கிறது, கண்ணிவெடி வைக்கிறது எல்லாம் அவங்க வேலை. 'தம்பி'ன்னே ராணுவத்துல செல்லப்பேரு. அவங்களைப் போர்க்குடிக் கொள்கை பேசினவங்ககூட ஒரு குறை சொன்னதில்ல. இன்னிக்கும் பெங்களூர்ல மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பா இருக்காங்க. ரெண்டுக்கும் மண்ணு ஒண்ணுதான். ஒருத்தனுக்குப் பயிற்சியும் மரியாதையும் நல்ல அதிகாரியும் கிடைச்சுது, இன்னொருத்தனுக்குக் கிடைக்கல. மத்ததெல்லாம் சும்மா.

நம்ம பக்கத்துக் குறையையும் சொல்லிடறேன். புறமுதுகுன்னா நமக்கு ஆகாது. முதுகுல பட்ட புண்ணுக்கு வெட்கப்பட்டு வெண்ணிப் போருக்கப்புறம் வடக்கிருந்து உயிர்விட்ட பெருஞ்சேரலாதனைப் பாடம் படிச்சு வளர்ந்தவங்க நாம. அதனால ஓடினவனைப் பத்திப் பேசுறதே அசிங்கம். ஆனா சேரலாதன் ராஜா, அது அவன் சண்டை. டாங்காவில் இறங்கினவனுக்கு அது யார் சண்டை? ஜெர்மன்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஐரோப்பாவில தகராறு. அதுக்காகத் தமிழ் பேசுற ஒருத்தன் ஆப்பிரிக்கக் காட்டுல நின்னு, தனக்கு எந்தத் தீங்கும் பண்ணாத ஆப்பிரிக்கனைச் சுடணும். அந்த ஆப்பிரிக்கனும் கூலிக்கு வந்தவன்தான். மாசச் சம்பளத்துக்கு வந்தவன்கிட்ட புறநானூறு எதிர்பார்க்கலாமா? எனக்கென்னவோ அன்னிக்கு டாங்காவில் புத்தியோட நடந்துக்கிட்டது கடற்கரையைப் பார்த்து ஓடினவன்தான்னு தோணுது. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க.

அதே நேரம் ஓடாம நின்னு செத்தவனும் அந்தப் படையில உண்டு. அவனுக்கும் சேர்த்துத்தான் மறதி. செப்டம்பர் 22, 1914-ல எம்டன் கப்பல் சென்னை மேல குண்டு போட்டது. "அவன் பெரிய எம்டன்டா"ன்னு நாம பேச்சுவழக்குலயே வச்சுக்கிட்டோம். அதுக்கு ஆறு வாரம் கழிச்சு நம்ம ஆளுங்களே போய் செத்த டாங்கா எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் மறக்கல. வில்லியம் பாய்டின் 'ஆன் ஐஸ்கிரீம் வார்' (1982) நாவல்ல டாங்காவும் வருது, பாளையங்கோட்டைப் பேரும் வருது. நம்ம மொழியில ஒரு சிறுகதையாவது இருந்தா சொல்லுங்க, தேடிப் பிடிச்சுப் படிக்கிறேன்.

மறந்ததுக்கு நான் முதல்ல சொன்ன ரெண்டு காரணம் போக மூணாவதும் ஒண்ணு இருக்கு. அந்தப் படை எந்த ஒரு சாதிக்கும் சொந்தமில்ல. முஸ்லிம், பறையர், கிறிஸ்தவர், பலசாதித் தமிழர்னு கலந்து நின்ன கூட்டம். குருபூஜை நடத்த ஆளில்ல, ஃப்ளெக்ஸ் அடிக்க சங்கமில்ல. ராபர்ட்ஸ் போட்ட 'போர்க்குடி' பட்டியலை நாம வேற வடிவத்துல சுவர் சுவரா ஒட்டிக்கிட்டிருக்கோம், அவ்வளவுதான் வித்தியாசம். பிறப்பால வீரன்னு ஒருத்தனைச் சொன்னா, பிறப்பால கோழைன்னு பக்கத்துத் தெருக்காரனைச் சொல்றதா ஆகுதா இல்லையா? மதராஸ்காரன்னு ஒட்டுமொத்தமா நம்மளை அப்படிச் சொன்னப்போ வலிச்சுதில்ல?

முதல் உலகப்போர் முடிஞ்சு, 1920-களின் தொடக்கத்துல ராணுவத்தைச் சீரமைச்சப்போ பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியைக் கலைச்சாச்சு. மிச்சமிருந்த கர்நாடிக் படைகளையும் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரியையும் சேர்த்து 3-வது மதராஸ் ரெஜிமென்ட்னு ஒண்ணு பண்ணினாங்க. 1928-ல செலவைக் குறைக்கிறோம்னு அதையும் கலைச்சாங்க. ஆனா இரண்டாம் உலகப்போர்ல ஆள் தேவைப்பட்டப்போ போர்க்குடிக் கொள்கையெல்லாம் காணாமப் போச்சு. 1940-களின் தொடக்கத்துல மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினாங்க. அது இப்பவும் இருக்கு, நல்ல பேரோட இருக்கு. பத்து இருபது வருஷத்துல ரத்தம் மாறிடுச்சு போல!

பாளையங்கோட்டையில அந்தப் பழைய கோட்டையோட மிச்சமா ஒரு கொத்தளம் இருக்கு, 'மேடை போலீஸ் ஸ்டேஷன்'னு பேரு வாங்கினது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா நின்னு பாருங்க.

கடைசியா பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, வேலூர், ஆற்காடு எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. உங்க வீட்டுல பழைய தகரப்பெட்டி இருந்தா தேடிப் பாருங்க. வட்டமான வெள்ளி மெடல், ஓரத்துல சின்ன எழுத்துல நம்பரும் பேரும் படைப்பேரும் பொறிச்சிருக்கும். பென்ஷன் காகிதம் இருக்கலாம். இல்ல, "எங்க பாட்டனார் ஆப்பிரிக்கா போய் வந்தார்"னு கிழவிகள் சொன்ன கதையாவது இருக்கலாம். கிடைச்சா ஒரு பதிவு போட்டுடுங்க. அவர் நின்னாரா ஓடினாரான்னு நான் கேட்க மாட்டேன்.